தலைவர் வீட்டு மிதவை

12.8.1983, ஆடிக் கடைசி வெள்ளி

இன்று யாரும் மீன் பிடிக்கப் போகவில்லை. அதனால் என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஏரியில் முங்கி, யாரோ விட்டுப்போய் அடியில் சிக்கிக் கிடந்த நைலான் வலைகளை அறுத்துக் கயிற்றில் கட்டினார்கள். கரையில் நின்று இழுத்தது நாங்கள், பெண்கள் எட்டுப் பேர். வலை முழுக்கச் செத்த நண்டு, நாற்றம் தாங்கவில்லை.

ஊர்த் தலைவர் வந்து பார்த்துக் கத்தினார். "எவன் போட்டான் இத? அவன் வூட்டுக்கு ரெண்டு தபா பாடு கெடையாது."

ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு மாறி வரும் முறையல்லவா பாடு, அது போனால் உலை ஏது?

நான் வலையில் கட்டியிருந்த மிதவையைத் திருப்பினேன். மூன்று பச்சைக் கோடு, அவர் வீட்டு அடையாளம்.

"இன்னா மாமா, இது உங்க வூட்டுது மாதிரி கீதே?"

பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பொம்பள கை பட்ட எடத்துல மீன் எங்கமே நிக்கும்? உன் வூட்டுக்காரன் பாட்டத்தான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பாடு செவ்வாய்க்கிழமை. "மிதவையத் தூக்கிப் போட்டுட்டு வுடுமே" என்கிறார் இவர். விடமாட்டேன். காலையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய கை இது. அவளுக்கு ஆகிற கை ஏரிக்கு ஆகாதா?

மிதவை சாமி விளக்கின் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. வெளியே நின்றே, அவர் சொன்ன தீர்ப்பை அவருக்கே சொல்வேன்.

அடியில் இன்னும் இரண்டு வலை இருக்கிறதாம். கயிற்றைக் கழுவிக் காயப்போட்டுவிட்டேன்.