கடல் இல்லாத ஊர்கள்

இலோயிலோ

தங்கச்சிக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு நம் ஊர் வழக்கப்படி முழுப் பன்றி சுட்டு, ஊரைக் கூட்டி ஆடாமல், ஐரோப்பா போய்ச் சரித்திரம் பார்க்கிறேன் என்று உன் மகள் ஹிராயா அடம்பிடித்தபோதே, இவள் நம் தலையில் ஏறுவாள் என்றேன். ஏறிவிட்டாள்.

கப்பலிலேயே கிழவனானவன் நான். ஐரோப்பாவில் என்னைத் தெரியாத ராஜா கிடையாது. ராட்டர்டாம், ஹாம்பர்க், ஜெனோவா என்று அழகாக வழி போட்டுக் கொடுத்தால், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சிரிக்கிறாள்.

"மாமா, இதெல்லாம் வெறும் துறைமுகம்! நான் கேட்டது வியன்னா, பிராக். அங்க கடலே கிடையாது!"

"கடல் இல்லாத ஊருக்கு ஏதுடி சரித்திரம்?" என்றேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்ததோடு விட்டாயா? மறுநாளே உங்களோடு வர எனக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய். அதையும் உன் புருஷன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவளா நீ?

போங்கள். நானில்லாமல் முதல் ரயில் நிலையத்திலேயே திருதிருவென்று முழிப்பீர்கள். நேற்று ஹிராயாவே இங்கே ஓடிவந்து, "நீங்க வரலைன்னா நானும் போகல மாமா" என்று அழுதாள், தெரியுமா?

அவள் வரவில்லை. அதை நானாகத்தான் எழுதினேன். சாயங்காலம் வரை கதவைத் திறந்து வைத்திருந்தது மட்டும் நிஜம்.

கோபம் தீராத,
உன் அண்ணன்