மாவு கிழிந்த அன்று

தெந்தூகல்,
பரிசுத்த வாரம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பேத்தி மஃபால்தாவுக்கு, கார்மேல் மாதா உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். மாவறை மூலையில் முக்காலி போட்டு நான். விரித்த மாவின் ஒரு நுனியில் நீ, எதிர் நுனியில் நம் கடையில் மாவு இழுக்க வருகிற நத்தேர்சியா. அடுப்படியில் மஞ்சள் கருவும் சர்க்கரையும் கிண்டியபடி உன் அம்மா லூர்தெஸ். கதவுக்கு அந்தப் பக்கம், கடையில், உன் அப்பன் அபீலியோ. அவன் பக்கத்தில், லிஸ்பனிலிருந்து பேருந்து நிறையப் பயணிகளைக் கூட்டிவந்த வழிகாட்டி எல்தெர், வாயெல்லாம் பல்லாக.

இத்தனை வருடம் கழித்து எதற்கு இது என்பாய். உன் அப்பன் படுத்துவிட்டான். கொயிம்பிரா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாம். வலது பக்கம் அசைவில்லை. உயிர்த்த ஞாயிறைப் பார்ப்பானா என்று கேட்டால் டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். லூர்தெஸ் போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். நீ எடுக்கவில்லை. அதனால்தான் லக்சம்பர்க்குக்கு ஆளேற்றிப் போகும் வேன்காரன் அமாதேயுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையிலேயே கொடு என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ என்ன நினைத்துக்கொண்டு போனாயோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். பலகாரத்துக்கு இழுத்த மாவு அறை முழுக்க விரிந்து, கீழே போட்ட வெள்ளைத் துணியின் நெசவு தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிற நேரம். எல்தெர், “என்ன முதலாளி, பலகாரத்தை மட்டும் காட்டி அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா? கதவத் திறங்க, இதை முதல்ல செஞ்ச கன்னியாஸ்திரிங்களோட மடமா இன்னும் இது?” என்றான். வாராவாரம் ஒரு பேருந்து கூட்டிவருகிறேன் என்று ஆசையும் காட்டினான். தாழ்ப்பாளைத் தூக்கியது உன் அப்பன்தான். கடை வாசலும் திறந்துகிடந்தது. வயல் காற்று நேராக உள்ளே வந்து மாவைத் தூக்கிக் குறுக்கே கிழித்துப் போட்டது.

பயணிகள் கைதட்டினார்கள். அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வெட்கத்தை உன் அப்பன் உன் தலையில் கொட்டினான். “கையா அது, உலக்கையா? புடிக்கத் தெரியாதவளுக்கு இங்க என்னடி வேலை?” என்றான். நத்தேர்சியா விடவில்லை. “கதவத் திறந்தது நீங்க, ஏச்சு அந்தப் பொண்ணுக்கா?” என்றாள். நான் கத்தியது கைதட்டலில் கேட்கவில்லை. நீ சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மட்டுமே நுழைகிற அறையில், அந்த மாவின் மேலேயே நடந்து வெளியே போனாய். ஊர் இன்னும் அதைத்தான் மெல்லுகிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நானாக இருந்தால் அவன் காலையும் சேர்த்து மிதித்துவிட்டுப் போயிருப்பேன்.

அதன்பிறகு அவன் உன் பெயரை எடுத்ததில்லை. நேற்றுத்தான் எடுத்தான். இடது கையால் போர்வையின் ஓரத்தைப் பிடித்து, கிழிந்துவிடுமோ என்று பயந்தவன் போல மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டேயிருந்தான். கோணிய வாயால், “மஃபால்தா, காத்து வருதும்மா, கதவச் சாத்து” என்றான். நான் எழுந்துபோய்ச் சாத்தினேன். “நீ இல்ல” என்றான், பெற்றவளைப் பார்த்து. அதற்குப் பிறகு யார் கொடுத்தும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கடை பூட்டிக்கிடக்கிறது. பண்டிகைக் கூட்டம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறது. போகட்டும். எல்தெர் பூங்கொத்தோடு வந்தான். வாங்கி அவன் எதிரிலேயே குப்பையில் போட்டேன். லூர்தெஸ் சாப்பிடுவதில்லை, என்னோடு சண்டை போடுவதுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமாதேயு வெள்ளிக்கிழமை திரும்புகிறான். உனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். துணி எடுக்காதே, வேலையிடத்தில் யாரையும் கேட்காதே, ஏறிவிடு. மன்னித்தேன் என்று அவன் காதில் சொல்ல இந்த வீட்டில் ஒருத்தியாவது வேண்டும், கண்ணு. சண்டை போடத்தான் வருவாய் என்றால் அதற்காவது வா. கார்மேல் மாதா உன்னை வழியில் காக்கட்டும், வண்டியை வேகமாக விடட்டும்.

மன்னித்தேன் என்று என்னைச் சொல்லச் சொல்லாதே. எல்தெரை விட்டுவிட்டேன், அவன் பிழைப்பு அது. கைதட்டினவர்களையும் விட்டுவிட்டேன். என் பேத்தியை விரட்டிவிட்டு, இப்போது என்னையும் முந்திக்கொண்டு போகப் பார்க்கிற ஒருவனை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். என் மகன் அபீலியோவை.

பாட்டி
எர்மெலிந்தா