மீட்டர் கண்ணாடியின் உட்புறம்

அன்புள்ள வாண்டுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடிவீட்டுத் தையல்காரரும் நலம், என் நலம் வழக்கம்போல மற்ற இருவரையும்விட ஒரு பிடி கூடுதல், உன் நலத்தை நீயே உன் வாயால் சொன்னால்தான் எங்கள் நலம் முழுதாகும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் பேனாவைப் பிடித்துவிட்டானே என்று சிரிக்காதே, பிழை இருந்தால் அது பேனாவின் பிழை. மெக்கானிக் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறேன், தெருமுனையில் திரும்பும்போதே கண்ணைப் பறிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய மோட்டார் கம்பெனி என்ஜினீயர் காரை நிறுத்தி இறங்கிவந்து, கார்புரேட்டர் விஷயத்தில் வெகுநாளாக இருந்த ஒரு சந்தேகத்தை என்னிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போனார். அந்த ஆள் வழி கேட்கத்தான் வந்தான் என்று தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், பொறாமைக்கு மருந்து ஏது. மழை விட்டபாடில்லை, துவைத்த துணி காயாமல் வீடெங்கும் தொங்குகிறது, சுவரைத் தொட்டால் கை ஈரமாகிறது, உப்பு ஜாடியில் உப்பே தண்ணீராகக் கிடக்கிறது.

உன் பைக் விஷயத்துக்கு வருகிறேன். வேகம் காட்டும் மீட்டருக்குள் ஈரம் கோத்து எண்ணே தெரியவில்லை என்று உன் அம்மா சொல்லப்போய், நான் வருவதற்குள் சரிசெய்து வையுங்கள் சித்தப்பா என்று நீ போனில் கேட்டாய். எனக்கு இது இடது கைக்கு வேலை. உன் வண்டி சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நடையில் நிற்கிறது, காலையில் வெந்நீர் கொதித்தால் ஆவி முழுவதும் அங்கேதான் சுற்றும், மீட்டரின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி தெரியாமல் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. ஆனால் நான் ஸ்க்ரூ டிரைவரோடு போனபோது உன் அம்மா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார், "அதைத் தொடாதீங்க தம்பி, அவன் கை இருக்கு" என்றார். என்ன அண்ணி சொல்கிறீர்கள் என்று குனிந்து பார்த்தேன். மூடுபனிபோல் வெளுத்திருந்த கண்ணாடியில் நாலு விரல் நுனிகள் வரிசையாக, கீழே ஓரத்தில் கட்டைவிரல், உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைத் தள்ளிப் பார்த்ததுபோல. வெளியே துணியால் அழுத்தித் துடைத்தேன், போகவில்லை. எனக்கா காரணம் தெரியாது, நீ வெளிநாட்டுக்குக் கிளம்புமுன் என்னைக் கேட்காமல் மீட்டரைத் திறந்து பல்பு மாற்றினாய், எண்ணெய்க் கையால் கண்ணாடியின் உட்புறத்தைப் பிடித்திருக்கிறாய், எண்ணெய் பட்ட இடத்தில் ஈரம் வேறுவிதமாகப் படியும், அதனால் ஈரம் கோக்கும்போதெல்லாம் உன் கை தெரிகிறது என்று விளக்கினேன். விளக்கியதுதான் வம்பாகப் போயிற்று. மகன் கைதான் என்று சித்தப்பனே சொன்னபிறகு கேட்கவேண்டுமா, காலை எழுந்ததும் டீ டம்ளரோடு நடைக்குப் போய் நின்று, வெளிப்பக்கத்திலிருந்து உன் விரலுக்கு விரல் தன் விரலை வைத்து, "எழுந்துட்டியா, சாப்ட்டியா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். டீ ஆறி ஏடு கட்டிப்போகும். பதில் வருகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், அந்த நேரத்தில் நான் நடைப்பக்கமே போவதில்லை.

இதை வளரவிடக்கூடாது என்று, அண்ணி கடைத்தெருவுக்குப் போன நேரமாகப் பார்த்து மீட்டரைக் கழற்றிவிட்டேன். பின்பக்க ஸ்க்ரூக்களை எடுத்து மூடியைப் பிரித்து, முடி உலர்த்தும் மெஷினைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் ஈரத்தை ஓட்டி, கண்ணாடியின் உட்புறத்தை ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு பளிங்காகத் துடைத்தேன், கையால் தொடவே இல்லை. மீட்டருக்கு அடியில் மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துவாரம் இருக்கும், இனி இந்த ஈரம் எந்த வழியாக வருகிறது பார்க்கிறேன் என்று ஒரு வேகத்தில் அதையும் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். மூடி முடுக்கி, என் வழக்கப்படி ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு. யாராவது கை வைத்தால் பெயிண்ட் உடைந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும். துவாரத்தை அடைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன், அடைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அங்கேயே சிறைப்பட்டுவிடும், இது தெரியாமல் அல்ல, மறந்துபோய். அடுத்த மழைக் காலையில் கண்ணாடி முன்னைவிடப் பால்போல் வெளுத்திருந்தது. உன் அம்மா போட்ட சத்தத்தில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடினேன். துடைத்துச் சுத்தமாக்கிய கண்ணாடியில் கை மறுபடியும் இருந்தது. ஆனால் மோதிரவிரல் இல்லை. நடுவிரல், அதையடுத்து ஒரு வெள்ளை இடம், அப்புறம் சுண்டுவிரல். ஸ்க்ரூக்களைப் பார்த்தேன், ஒரு பெயிண்டுப் பொட்டும் உடையவில்லை.

என் பேச்சை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும், சித்தப்பா ஒரு பல்லியைப் பார்த்தால் முதலை என்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கம்பெனி என்ஜினீயர் வழிதான் கேட்டார், போ. இதில் மட்டும் நான் நூல் அளவும் சேர்க்கவில்லை. தையல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், "நீ சொல்றதுல பாதியைக் கழிச்சு, மீதியில பாதியைத்தான்யா நம்புவேன், அதுவும் டீ வாங்கிக் குடுத்தா" என்று நக்கலடித்துக்கொண்டே இறங்கிவந்தார். "உன் கையாத்தான் இருக்கும்" என்றார், என் விரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், வாழைப்பழமும் வெண்டைக்காயும்போல் இருந்தது. கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து விரலுக்கு விரல் அளந்தார், திரும்பவும் அளந்தார். "விரல் விரிஞ்சு நிக்கல. ஒரு விரலுக்கு இடம் விட்டு நிக்குது" என்று முணுமுணுத்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார், டீயும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் தையல் மெஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை.

அப்போதுதான் உன் அம்மா மெதுவாகச் சொன்னார், "தம்பி, அவன் இப்பெல்லாம் வீடியோவுல வர்றதே இல்ல, கவனிச்சீங்களா." நெட் சரியில்லை என்கிறானே அண்ணி என்றேன். "கடைசியா வந்தப்போ தண்ணி குடிச்சான். எந்தக் கையில குடிச்சான்" என்று கேட்டார். எனக்கு நினைவிருந்தது. நீ இடது கையால் குடித்தாய், தண்ணீர் சட்டையில் சிந்தியது, வலது கை படத்துக்கு வெளியே இருந்தது, நான் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். உன் அப்பா போனபிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான், சோற்றுக்கும் சண்டைக்கும் வலது கையைத் தவிர வேறு கை தெரியாத பயல் நீ. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை என்று போனாய், அந்த மெஷினின் வாய் எனக்குத் தெரியாததல்ல. அண்ணியிடம் சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், போய் ஒரு வேலையும் ஓடவில்லை, திறந்த என்ஜினைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்படியாவது அந்தக் கையைப் போக்கிவிட வேண்டும் என்று மீட்டரை மறுபடி பிரித்தேன், இந்தமுறை உன் அம்மாவே பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களைக் கையில் வாங்கிக்கொண்டார். பசையைச் சுரண்டித் துவாரத்தைத் திறந்தேன், அது கீழே பார்த்தபடி திறந்தே இருந்தால்தான் மீட்டர் மூச்சு விடும், நீயும் நினைவில் வைத்துக்கொள். ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மீட்டரை ஒரு மூடிய டப்பாவில் போட்டு வைத்து, நன்றாகக் காய்ந்தபின் புது ரப்பர் வளையம் போட்டு, ஒயர் நுழைகிற இடத்தில் மட்டும் பசை தடவி மூடினேன். வண்டியை நடையிலிருந்து எடுத்து முன்கூடத்தில் நிறுத்தி, பிளாஸ்டிக் உறையை வீசிவிட்டுப் பருத்தித் துணியால் மூடியிருக்கிறேன். அதற்கப்புறமும் மழை கொட்டித் தீர்த்தது, கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் ஆயுசில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை முடித்ததில்லை. ஆனால் காலையில் உன் அம்மா டம்ளரோடு வந்து துணியை விலக்கிப் பார்த்தார், முள்ளும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. வெறும் கண்ணாடியில் விரலை வைத்துத் தடவினார். "விரல் ஒண்ணுதானே இல்லாம இருந்துச்சு, இப்ப கையே இல்லையே தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் சோறு இறங்கவில்லை, போன் மணி அடித்தால் எடுக்கப் பயப்படுகிறார், அடிக்காவிட்டாலும் பயப்படுகிறார். தினமும் அவர் எழுவதற்கு முன் நான் போய்த் துணியைத் தூக்கிப் பார்க்கிறேன், எதைப் பார்க்க வேண்டிக்கொண்டு போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் வாண்டு, மறைக்காதே. நல்லா இருக்கேன் சித்தப்பா என்கிற அந்த ஒரு வரி இனி இந்த வீட்டில் செல்லாது. போனிலும் சொல்லாதே, குரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், எனக்கு அதில் அனுபவம் உண்டு. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுது, வலது கையால் எழுது, எழுத்து கோணட்டும், கோழி கிளறியதுபோல் இருக்கட்டும், உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். எழுத முடியாத நிலையில் கை இருந்தால் அதை அப்படியே காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு, எத்தனை விரல் இருக்கிறதோ அத்தனையும் எங்களுக்குப் போதும். விடுப்புக் கேள், தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, இங்கே உனக்கு ஒரு பலகையும் ஒரு கடையும் இருக்கிறது. வண்டி ஓட்ட முடியாதே என்று மனசுக்குள் புழுங்காதே, முன் பிரேக் லீவரை இரண்டு விரலுக்கு எட்டுகிற மாதிரி உள்ளே தள்ளி வைத்துத் தருவேன், அரைமணி வேலை, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

நீ நீடூழி வாழவேண்டும், எந்த மெஷினும் உன்னைப் பார்த்து வாய் திறக்காமல் இருக்கவேண்டும் என்று உன் அம்மாவும் நானும் தலைமேல் கை வைத்து வாழ்த்துகிறோம். கடிதம் கையில் கிடைத்த அன்றே பதிலைப் போட மறக்காதே, உன் அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் சுமந்த
சித்தப்பா