சாரின் படத்தில் ஒரு கால்

ஜெயங்கொண்டம்
14.9.1986

அன்புள்ள முத்துசாமிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அது வலி என்பதைவிட மாடிப்படி ஏறாமல் இருக்க ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நீ நலம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், பிலாயிலிருந்து வருகிற யாரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறான் என்றுதான் சொல்கிறார்கள்.

காசிநாதன் சார் தவறிப்போனதை அப்பா கார்டில் எழுதியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள், பள்ளிக்கூடத்திலேயே படத்திறப்பு வைத்தார்கள். உன்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த ராசாங்கம், இப்போது முந்திரிக்கொட்டை வியாபாரம், அவன்தான் முன்னின்று நடத்தினான். படத்திறப்புக்குப் படம் வேண்டுமே, சாருக்குப் படமே கிடையாது. கல்யாணத்திலும் எடுக்கவில்லை, பிறகும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி ஜெகதாம்பாள் அக்கா என்னிடம், 'ஒரு படங்கூட இல்லாம போயிட்டாரே, நாளைக்கி அவரு மொகம் எனக்கே மறந்துருமோன்னு இருக்கு' என்றார். தேடித் தேடிக் கடைசியில் பள்ளிக்கூட பீரோவில் ஒரே ஒரு படம் கிடைத்தது, அரியலூர்ப் போட்டியில் நீங்கள் சடுகுடு தோற்ற அன்று எடுத்தது. தோற்றதற்குக் காரணமே அவர்தான். வாய்ப்பாடு மனப்பாடம் ஆகட்டும் என்று, சடுகுடு என்பதற்குப் பதிலாகப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போக உங்களைப் பழக்கியிருந்தார், அரியலூர் நடுவர் பதிமூணஞ்சு அறுபத்தஞ்சிலேயே அவுட் கொடுத்துவிட்டார். தோற்றதற்கு எதற்குப் படம் என்று நான் கேட்டதற்கு, 'தோத்தா என்னங்கம்மா, எல்லாம் தலைய சீவிட்டு வந்திருக்குதுங்க' என்றார் சார்.

பிறகு நடந்ததை நீ ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். வரிசையில் நின்ற நீங்கள் நெளிந்துகொண்டே இருந்தீர்கள், பையன்களை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள் என்று போட்டோக்காரர் கேட்டார், சார் விசிலை எடுத்து ஊதினார். விசில் கேட்டால் ஓடவேண்டும் என்று தினமும் காலையில் உங்களைப் பழக்கியவரும் அவர்தான். அத்தனை பேரும் ஓடிவிட்டீர்கள். படத்தில் இருப்பது கன்னம் உப்ப விசில் ஊதும் சாரும், வலது ஓரத்தில் யாருடையதோ ஒரு காலும் மட்டும்.

இதைத்தான் ராசாங்கம் ஸ்டூடியோ வேணுகோபாலிடம் பெரிதாக்கக் கொடுத்தான். இறந்தவர் விசில் ஊதினால் மரியாதையாக இருக்காது என்று வேணுகோபால் விசிலை அழித்து, காலை வெட்டி, சாருக்குக் கோட்டும் டையும் வரைந்துவிட்டார். கன்னத்தை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரையை விலக்கினால், வாய் நிறைய வெந்நீரை வைத்துக்கொண்டு துப்ப இடம் தேடும் கலெக்டர் மாதிரி ஒருவர் நிற்கிறார். ஜெகதாம்பாள் அக்கா எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, 'யாருப்பா இவரு, பல்லு வலியா' என்று கேட்டார். ராசாங்கம் தயங்கித் தயங்கி, 'நம்ம சாருதாங்க' என்றான். 'எங்க வூட்டுக்காரரு சட்டைக்கு மேப்பொத்தானே போடமாட்டாரு, அவருக்கு டையா. மாலையப் போட்டுறாதீங்க, இது வேற யாரோ' என்று அக்கா சொல்லிவிட்டார். மாலையோடு வந்த பஞ்சாயத்துத் தலைவர் அப்படியே நின்றார். சிரிப்பு வந்தவர்கள் எல்லாம் இருமினார்கள், உன் அப்பா கொஞ்சம் அதிகமாகவே இருமினார்.

ராசாங்கம் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்து நீட்டினான். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்து வைத்தார். மாலை போட்டால் சார் மறைந்துவிடுவார் என்பதால் நாற்காலிக்கு மாலை போட்டார்கள். குனிந்து பார்த்து நிமிர்ந்த உன் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் அந்தக் கால் தன்னுடையது என்றார்கள். ராசாங்கம் சத்தியமே செய்தான், விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த கொளஞ்சி, 'நீ என்னைக்குடா அவ்வளவு வேகமா ஓடுன, உன் கால்னா நீ முழுசா படத்துல இருந்துருப்ப' என்றான். வேணுகோபால் பாவம், முகம் சுண்டிப்போய், இதையே கோட்டு இல்லாமல் விசிலோடு பெரிதாக்கித் தருகிறேன், அந்தக் காலை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். 'வெட்டிராத தம்பி. அது இல்லன்னா அவரு யாருக்கு ஊதுறாருன்னே தெரியாது' என்றார் அக்கா. அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை.

நீ அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, கண் சரியாகத் தெரியவில்லை, எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆறுதல் வார்த்தைகள் எல்லோரும் சொல்லியாயிற்று, சார் உன்னை எப்படியெல்லாம் ஓடவிட்டார் என்று எழுது, அது போதும். குளிர் வருவதற்குள் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், நாள் தள்ளாதே. கடவுளிடம் எனக்கு அதிகப் பழக்கம் இல்லை, ஆனால் திருமழபாடி போகும்போதெல்லாம் அப்பா உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறார், நான் பக்கத்தில் நின்று தடுக்காமல் இருக்கிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பஞ்சவர்ணம்