அவரவர் மூட்டை

7.2.1974, வியாழன்

களக்காட்டுக் காட்டில் பத்து நாள் செடி சேகரிக்கத் தாவரவியல் துறையிலிருந்து போகிறோம். பெண் நான் ஒருத்திதான். "தன் மூட்டையைத் தானே தூக்க முடியாதவா வரவேண்டாம்" என்றார் பேராசிரியர் சுப்பராமன், என்னை மட்டும் பார்த்து. போகாவிட்டால் என் ஆராய்ச்சி அம்போ.

மூர் மார்க்கெட்டில் பழைய பட்டாளத்துப் பை ஒன்றும் அலுமினியத் தட்டு ஒன்றும் வாங்கினேன். தட்டைக் கண்டதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாண்டி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் ஆயிற்றே. "எவர்சில்வர் கடைக்காரன் மவ அலுமினியத்துலயா தின்பா? ஊரு சிரிக்கும்."

9.2, சனி

பைக்குள் எவர்சில்வர் குடம், நாலடுக்குத் தூக்கு, பட்டுச்சேலை. எல்லாம் அம்மா வேலை. "காட்டுல யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா என்னத்தட்டி உடுத்துவ?" யார் கூப்பிடுவார்கள், யானையா?

10.2

எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

11.2

குடம் திரும்ப வந்துவிட்டது. உள்ளே முறுக்கு. இந்த வீட்டில் மனுஷி இருப்பாளா?

13.2, புதன்

அம்மாவுக்கு உறைக்கட்டும் என்று, குடத்தோடேயே பையைச் சுமந்து அடையாறு பாலம்வரை நடந்தேன். நந்தனத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, புருசனோட சண்டையா? குந்து, அம்மா ஊட்ல வுட்டுர்றேன்" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

தோள் கன்றிப்போயிருந்தது. அம்மா எண்ணெய் தடவினாள். பிறகு குடத்தைப் பரண்மேல் ஏற்றினாள்.

15.2, வெள்ளி — ரயிலில்

எழும்பூருக்குச் சார் வந்தார் — படுக்கை சுருட்டிய ஹோல்டால், கொசுவலை, காபி ஃபில்டர், மடக்கு நாற்காலி, தூக்க இரண்டு போர்ட்டர்கள். "ஜெயபாரதி, உன் பை லேசாத்தானே இருக்கு? நாற்காலியை நீ எடுத்துக்கோ."

நான் வாயைத் திறக்குமுன், வழியனுப்ப வந்திருந்த அம்மா: "தூக்க முடியாதவங்க வரவேண்டாம்னு நீங்கதான சார் சொன்னிய?"

தொலைந்தேன், இதோடு என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம். நாற்காலி அம்மாவோடு தி. நகருக்குப் போய்விட்டது.

விழுப்புரம் தாண்டிச் சாப்பிடத் தட்டை எடுத்தேன். விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறது. கடையில் வாங்குகிறவர்களுக்கு அப்பா வெட்டிக் கொடுக்கும் அதே கோணல் எழுத்து. அலுமினியத்தில்.