பள்ளிப் படியை உடைப்பதா?

சனிக்கிழமை, இஷா இரவுத் தொழுகைக்குப் பிறகு.

இன்று பழைய பள்ளிவாசலின் முன்படிகளில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவற்றை உடைத்துச் சாய்தளம் கட்ட வரைபடம் கீறியவன் நான்தான். சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கும் நௌபர் இதுவரை முற்றத்தில்தான் தொழுதிருக்கிறான். அவனும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அசர் மாலைத் தொழுகைக்கு வந்த ரிஷாத் கைத்தடியைப் படியில் ஊன்றி நின்றான். அவனுக்குக் கண் பார்வை இல்லை. நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“என்ன மச்சான் செய்றாய்?”

“படிய உடைக்கப் போறம். நௌபர் உள்ளுக்குப் போகணுமே.”

“ஓம், அவன் போகத்தான் வேணும். ஆனா மூணாம் படி நடுவில குழிஞ்சி கிடக்கு. அதில கால் பட்டாத்தான் வாசல் நேர இரிக்கெண்டு எனக்கு விளங்கும். சரிவாப் போட்டா எங்க நிக்கிறனெண்டு எப்பிடித் தெரியும்?”

கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். அவன் சொன்ன இடத்தில் குழி காலில் தட்டுப்பட்டது.

நௌபர்தான் சொன்னான்: “படி கிடக்கட்டும்டா. எனக்குப் பக்கக் கதவில சரிவு போட்டாப் போதும்.”

பக்கக் கதவடி கொஞ்சம் ஒடுக்கம். நாற்காலி திரும்புமா என்று மூவருமாக அளந்தோம். திரும்பும். படியில் போட்ட கோட்டை அழித்து, சாய்தளத்தை அங்கே புதிதாகக் கீறினேன்.

பிறகு நௌபர் ரிஷாதிடம் கேட்டான், என்னிடம் அல்ல: “உள்ளுக்கு எப்பிடிடா இரிக்கும்?”

“நாலு கல்தூண். வெயில் நேரத்திலயும் சில்லெண்டு இரிக்கும். இமாம் ஏறிப் பேசுற மிம்பருக்குக் கிட்ட உள்ளதுதான் ஆகக் குளிர்.”

இத்தனை வருடம் அந்தத் தூண்களுக்கு நடுவே தொழுதவன் நான். ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் ஏன் கூடுதலாகக் குளிர்கிறது?