ரேவாவின் கண் கறுத்தது

சதாசிவ பேட்டை, புனே
ரத சப்தமிக்கு மறுநாள்

கண்ணா நிஷாத்,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் ஹாம்பர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க கணபதி அருளட்டும். உன் பெண் தவழ்ந்து போய் உன் அப்பாவின் செருப்பைக் கடிக்கிறாள். போனில் கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன், மாடியிலிருக்கும் உன் குசும் அத்தைக்குக் காது நீளம், அதனால்தான் கடிதம்.

ரேவா பிறந்தபோது கண் சாம்பல் நிறமாக இருந்ததும், "டாப்கே வம்சத்துப் பூனைக்கண், அச்சு அசல்!" என்று அத்தை தெருவெல்லாம் பேடா கொடுத்ததும் உனக்குத் தெரியும். நீ இருக்கும் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கண்தான், அவர்கள் யாரும் பேடா கொடுப்பதாகத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் குழந்தையின் கண் பழுப்பாகி இப்போது நல்ல கறுப்பு. அத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தாள், பாதாம் அரைத்து ஊட்டினாள், ஒன்றும் வெளுக்கவில்லை. போன வாரம் மஞ்சள் குங்குமத்துக்கு வந்த பெண்கள் நிறைந்த கூடத்தில், "அப்பனுக்கும் பூனைக்கண், ஆத்தாளுக்கும் பூனைக்கண், பிள்ளைக்கு மட்டும் கறுப்பு எங்கேருந்துடி வந்துச்சு? இப்படிப் பொறக்காதுன்னு பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே போட்டிருக்கான்" என்று கேட்டுவிட்டாள். வந்தவர்கள் எள்ளுருண்டையைக் கடிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷர்வரி குழந்தையை என் மடியில் போட்டாள், கை கழுவிக்கொண்டு வந்து இரண்டு கண்ணிலிருந்தும் பச்சை லென்ஸை எடுத்து அத்தையின் குங்குமத் தட்டில் வைத்தாள். "இங்கேருந்துதான் வந்துச்சு அத்தை" என்றாள். என் மருமகளின் கண் கறுப்பு! பூனைக்கண் இல்லாத பெண் வேண்டாம் என்று அத்தை சொல்லியனுப்பியதால், நாம் பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா மாட்டிவிட்டது, அன்றிலிருந்து நம் எதிரில் கழற்றியதே இல்லை. கல்யாணமான மறுநாளே உனக்குத் தெரியுமாமே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? அவள் கண் சிவந்திருந்தால் தூக்கமில்லை போலிருக்கிறது என்று நானும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அத்தையோ, "அப்பாடா, அப்போ குழந்தை நம்மளோடதுதான்!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள், ஏமாந்ததற்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

ஷர்வரி அன்றே பெட்டி கட்டினாள். நான் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, முதல்ல டாக்டர்கிட்ட உன் கண்ணைக் காட்டுவோம், அப்புறம் நானும் உன்னோடவே வந்துடறேன் என்றேன். லென்ஸ் உரசி அவள் கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறதாம், சொட்டு மருந்து போகிறது, பயமில்லை. கூடவே வந்த அத்தை, "குழந்தைக்கு எந்த வயசுலேருந்து லென்ஸ் போடலாம் டாக்டர்?" என்று கேட்டாளே பார்க்கணும். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறந்த குழந்தைக்குக் கண்ணில் நிறமி குறைவு, சேரச் சேரக் கறுக்கும், அம்மா அப்பா இரண்டு பேருக்கும் பூனைக்கண் இருந்தாலும் கறுப்புக் கண்ணோடு பிள்ளை பிறப்பது உண்டு, ஒரே மரபணு தீர்மானிக்கிற விஷயமில்லை என்றார். "எங்க வம்சத்துல..." என்று அத்தை இழுத்தாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூனைக்கண் பெரும்பாலும் ரெண்டு பக்கத்திலேருந்தும் வந்தாத்தான் வெளியே தெரியும். உங்க மருமான் கண்ணுல பாதி இந்த அம்மா கொடுத்ததா இருக்கும்" என்றார். இத்தனை வருஷமாக என் கண்ணை அடுப்புக்கரி என்றவள், ஆட்டோவில் வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு தெரு சுற்றிப் போப்பா என்று சொல்லலாம் போலிருந்தது எனக்கு.

ஷர்வரி இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. நீ வந்து அதே கூடத்தில், அதே பெண்களுக்கு முன்னால், எனக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று சொன்னால்தான் பிரிப்பாளாம். சரிதானே? நானும் வற்புறுத்தவில்லை. நூறு வயசு நன்றாக இரு. டிக்கெட் போட்டதும் முதலில் அவளுக்குச் சொல், அப்புறம் எனக்கு.

ஆசிகளுடன்,
பாதிக் கண் கொடுத்த உன் அம்மா,
வைஜயந்தி